சேசுடுது

பெயரைக் கேட்டதுமே இரண்டு வீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டதால், மூன்றாவது வீட்டில் ஜெசிந்தா தன் பெயரை ஜெயந்தி என்று சொன்னாள். மாதா படத்தை அரிசி டின்னுக்குள் வைத்தாள். குடிவந்த முதல் வாரம், கொல்லையில் வெந்நீர்ப் பானையை இறக்கும்போது கை நழுவியது. இயேசுவைச் சேசுவே என்று கூப்பிட வாய் திறந்து, "சேசு" வரை வந்துவிட்டது. பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த வீட்டுக்கார வசுமதி திரும்பிப் பார்த்தாள். "டுதுக்கா" என்று ஜெசிந்தா மிச்சத்தை எப்படியோ ஒட்டவைத்தாள்.

பயந்தாலும் இடறினாலும் இனி இதைத்தான் சொல்ல வேண்டும் என்று அன்றே கணவனுக்கும் மகளுக்கும் பழக்கினாள். மகள் கட்டிலிலிருந்து விழுந்தபோதும் சேசுடுதுதான். தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று ஜெசிந்தா மட்டும் கோடையிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தாள்.

ஆறு மாதம் கழித்து, ஒரு காலையில் வசுமதி வாசலில் வந்து நின்றாள். முகத்தில் சிரிப்புதான் இருந்தது.

"உன் வார்த்தை எனக்கும் தொத்திக்கிச்சு ஜெயந்தி. குளிக்கப் போனப்ப கால் வழுக்குச்சு, சேசுடுதுன்னு கத்திட்டேன். பச்சத் தண்ணியில என்னடி சுட்டுச்சுன்னு அவர் கேக்குறார். இது எந்த ஊர்ப் பேச்சு, அந்தப் பொண்ணையே கூப்பிடுன்னுட்டார். ஒரு நிமிஷம் வந்து சொல்லிட்டுப் போயேன்."

அவளுக்குப் பின்னால், எதிர்க் கூடத்தில் அவள் கணவர் செய்தித்தாளை மடித்து வைப்பது தெரிந்தது. ஜெசிந்தா ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே நின்றாள்.