வாசலைப் பார்த்த கண்ணாடி

மாங்குளத்தில் சலூன் போட எடுத்திருந்த வெறுங்கடைக்குள் கிறிஸ்தோப்பர் சோக்கால் நிலத்தில் கோடு போட்டான்.

"மூண்டு கதிரை இதில வரும். பெரிய கண்ணாடி பின்சுவரில, வாசலைப் பார்த்தபடி."

செலவுக் கொப்பியிலிருந்து மனைவி புனிதமலர் நிமிர்ந்தாள். "பின்சுவரில யன்னலெல்லே இருக்கு? அதை அடைக்கச் செலவு. பக்கச்சுவரில வைப்பம்."

"நான் தொழில் பழகின கடையிலயும் கண்ணாடி வாசலைத்தான் பார்த்தது. வெளிச்சம் நல்லா விழும்."

"வெளிச்சத்துக்கு லைற் போடலாம்."

"ஏசி வேண்டாம். அந்தக் காசில யன்னலை அடைப்பம்." பழைய கடையின் நினைப்பில் அவன் முகம் மலர்ந்தது. "அது ஒரு காலம், மலர். கண்ணாடிக்குள்ள முழு றோட்டும் தெரியும்."

"ஓம், தெரியும்தான். நான் ரியூசனுக்குச் சைக்கிளில போகேக்க, அதுக்குள்ள என்னைப் பார்த்துக்கொண்டுதானே ஒரு வாத்தியாற்ற மீசையில பாதியை வழிச்சுவிட்டனீங்கள்!"

கிறிஸ்தோப்பர் திடுக்கிட்டான். கலியாணமாகிப் பதினேழு வருடமாக அவன் மறைத்து வைத்திருந்த கதை அது.

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"கண்ணாடியில உங்களுக்கு நான் தெரிஞ்சா, எனக்கும் நீங்கள் தெரிவியள்தானே!"

அவனுக்கு வெட்கமும் சிரிப்பும் வந்தன. "அப்ப பின்சுவரிலயே வைப்பமே?"

"வைக்கலாம். ஆனா தை மாசத்திலயிருந்து எங்கட மகள் யதுசாவும் இந்த றோட்டாலதான் ரியூசனுக்குப் போகப்போறாள். நீங்கள் வேலைக்கு ரெண்டு பெடியளை வேற எடுக்கப்போறியள்."

கிறிஸ்தோப்பர் குனிந்து, போட்ட கோட்டை உள்ளங்கையால் தேய்த்து அழித்துவிட்டு, சோக்கோடு பக்கச்சுவருக்குப் போனான்.