இரண்டு குரலில் ஒரு கம்பெனி

முதல் ரிங்கில் எடுக்கக் கூடாது. இரண்டாவதிலும் கூடாது. மூன்றாவது ரிங்கில்தான் எடுக்க வேண்டும்.

கட்டில் மேல் அதிர்ந்துகொண்டிருந்த ஃபோனில் தெரிந்த புது நம்பரைப் பார்த்தபடி நின்றாள் பைக்காரி. துணிப்பை தைத்து விற்கப்போகிறேன் என்று கிளம்பியவளுக்கு வீட்டார் சூட்டிய பட்டப்பெயர் அது. விற்றபாடுதான் இல்லை.

டிவியை அணைத்தாயிற்று. மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று. "குக்கர்?" என்று சைகையில் கேட்டாள்.

அணைத்துத் தொலைத்துவிட்டேன் தாயே என்று அடுப்படி வாசலில் மாமியார் தலைக்கு மேல் கும்பிட்டார்.

எல்லாம் பயிற்சி வகுப்பில் கற்றது. சொந்தத் தொழில் தொடங்கும் பெண்களுக்கு மூன்று நாள் வகுப்பு. பிளாஸ்டிக் நாற்காலிகளில் அறுபது பெண்கள். சின்ன ஆள் என்று தெரிந்தால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள் என்றார் பயிற்சி கொடுத்த அம்மா. 'நான்' என்று சொல்லாதே, 'நாங்கள்' என்று சொல். உடனே ஒப்புக்கொள்ளாதே, டீமில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று சொல். வீட்டுச் சத்தம் மட்டும் வெளியே கேட்கவே கூடாது.

அறுபது பேரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்கள். பைக்காரி அடிக்கோடும் போட்டாள்.

எட்டு மாதமாக அவள் தைத்ததெல்லாம் சொந்தக்காரர்களின் தலையணை உறை. கூலி என்று வாயைத் திறந்தால், நமக்குள்ள என்னடி என்பார்கள். இந்த மாதத்துக்குள் வெளியாள் ஆர்டர் ஒன்றாவது வராவிட்டால் தையல் மெஷினை நாத்தனாருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று ஒருநாள் வீறாப்பாகச் சொல்லித் தொலைத்தாள். அன்றே நாத்தனார் வீட்டில் இடம் ஒதுக்கிவிட்டாள். தினமும் ஃபோன் செய்து மெஷின் சௌக்கியமா என்று விசாரிக்கிறாள்.

இன்று மாதத்தின் கடைசி நாள்.

மூன்றாவது ரிங். ரிசப்ஷன் பெண்ணுக்கென்று வைத்திருந்த கீச்சுக் குரலில் பைக்காரி வணக்கம் சொன்னாள்.

எதிர்முனையிலும் ஒரு கீச்சுக் குரல். சோப்பு கம்பெனியாம். அவர்களுடைய பர்ச்சேஸ் மேடம் இவர்களுடைய மேனேஜரிடம் பேச வேண்டுமாம்.

மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார், கூப்பிடுகிறேன் என்று ஃபோனைப் பொத்திக்கொண்டு இருபது வரை எண்ணினாள். தொண்டையைச் செருமினாள்.

"ரெண்டு பேராயிட்டியே, ஆளுக்கொரு தட்டு வைக்கட்டுமா?" என்று கிசுகிசுத்தார் மாமியார்.

பசி அவருக்கு. அரிசி பாதி வெந்து கிடந்தது.

மேனேஜரின் கனத்த குரலில் பைக்காரி பேசினாள். அங்கிருந்தும் கனத்த குரல் ஒன்று வந்தது. அடேயப்பா, ரிசப்ஷனுக்கு ஓர் ஆள், பர்ச்சேஸுக்கு ஓர் ஆள்! எவ்வளவு பெரிய கம்பெனி!

சோப்புப் போட முந்நூறு பைகள். எங்கள் தையல் டீமில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றாள் இவள். நாங்களும் எங்கள் டீமில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றாள் அவள். இரண்டு டீம்களும் சற்று நேரம் மௌனமாக இருந்தன.

பிறகு பர்ச்சேஸ் மேடம் குண்டைத் தூக்கிப் போட்டாள். ஒருமுறை ஃபேக்டரியைப் பார்க்க வேண்டுமாம்.

பைக்காரி ஃபேக்டரியைப் பார்த்தாள். ஜன்னலோரம் ஒரு மெஷின், கட்டிலுக்கடியில் துணி மூட்டை. இங்கே ஆடிட் நடக்கிறது, நாங்களே அங்கே வருகிறோம் என்று சமாளித்தாள். அய்யோ, இங்கே பெயின்ட் அடிக்கிறார்கள் என்று பதறினாள் அந்த மேடம்.

"சரி, அப்ப அப்புறமாப் பாக்கலாம்."

அப்புறமாப் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும். மெஷினை ஏற்றிப்போக நாத்தனார் வண்டியே பேசி வைத்திருப்பாள்.

அப்போதுதான் குக்கர் விசில் அடித்தது.

பைக்காரி மாமியாரை முறைத்தாள். மாமியார் ஒரு சத்தியமே செய்துவிடுபவர் போல நெஞ்சில் கை வைத்து அடுப்பைக் காட்டினார். அடுப்பு ஆறிக் கிடந்தது. குக்கர் வாயே திறக்கவில்லை.

இரண்டாவது விசில். இந்த முறை தெளிவாக, காதுக்குள்ளேயே.

"எம்மா, அடுப்ப அணைம்மா! பேசிட்டிருக்கேன்ல!"

அது கீச்சுக் குரலும் இல்லை, கனத்த குரலும் இல்லை.

உடனே கனத்த குரல் ஓடி வந்தது. ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதுகிறார்களாம்.

பைக்காரி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. மேனேஜரையும் ரிசப்ஷன் பெண்ணையும் அனுப்பிவிட்டு, எட்டு மாதத்தில் முதல்முறையாகத் தன் சொந்தக் குரலில் தொழில் பேசினாள்.

"நாளைக்கே நம்ம ஃபேக்டரிக்கு வாங்க மேடம். கட்டில ஓரமாத் தள்ளிப் போட்டு வைக்கறேன்."

எதிர்முனையிலிருந்து, முந்நூறு வேண்டாம், இப்போதைக்கு முப்பதுதான் என்று தயங்கித் தயங்கி வந்தது பதில்.

முப்பது! வெளியாள் ஆர்டர்! ஒதுக்கி வைத்த இடத்தில் நாத்தனார் வேறு எதையாவது வைத்துக்கொள்ளட்டும். அரிசியை வேகவைக்கச் சொல்லி மாமியாருக்குச் சைகை காட்டினாள்.

ஃபோன் இன்னும் காதில்தான் இருந்தது.

"ஆமா," என்றது அந்தச் சாதாரணக் குரல், "கிளாஸ்ல நீங்க எந்த வரிசைல உக்காந்திருந்தீங்க?"