தினசரி உபயோகத்துக்கு இது போதும்

“மட்டமான சரக்கை என் தலையில கட்டிட்டீங்களே பாய்.”

கடைக்குள் நுழையும்போதே ஜெயக்கொடி ஆரம்பித்துவிட்டாள். முடிச்சூரிலிருந்து ஷேர் ஆட்டோவில், சி.பி.யூவைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

மேற்குத் தாம்பரத்தில் அத்தாவுல்லாவின் கம்ப்யூட்டர் கடை அது. அவர் பதறி எழுந்து சி.பி.யூவை வாங்கி மேஜையில் வைத்தார். என்ன ஆச்சு என்று கேட்டார்.

“அவர் குரல் போயிடுச்சு பாய்.”

சொல்லும்போதே அழுதுவிட்டாள். எந்தக் குரல் என்று அத்தாவுல்லாவுக்குத் தெரியும்.

அவள் கணவர் அரிகிருஷ்ணன் மனைத் தரகர். தண்ணீர் நிற்கிற காலி மனையைக்கூடப் பேசியே பங்களாவாக்கிக் காட்டுவார். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்து தொலைத்தது.

ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், ஆனால் குரல் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே வீட்டுக் கம்ப்யூட்டர் எதிரில் உட்கார்ந்து எதை எதையோ பேசிப் பதிவு செய்தார். பேப்பர் படித்தார், கிண்டலடித்தார், “கொடி, காபி என்னாச்சு?” என்று அதட்டினார்.

ஆள் பிழைத்து வந்தார். இப்போது கழுத்தில் ஒரு கருவியை அழுத்திக்கொண்டுதான் பேச வேண்டும். சலூனில் டிரிம்மர் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். முதல் நாள் அதைக் கேட்ட ஜெயக்கொடி, சமையலறைக்கு ஓடிப்போய் அழுதாள்.

அதற்கப்புறம் அவளுக்கு அந்தப் பதிவுதான் எல்லாம். காலைக் காபி அதோடு, காய் நறுக்குவது அதோடு, தூக்கம் அதோடு. நடுவில் அவர் கருவியை எடுத்து ஏதாவது சொல்ல வந்தால், “இருங்க, இது முடியட்டும்” என்பாள். அவரும் கருவியைக் கீழே வைத்துவிடுவார். புருஷன் மேல் இப்படி உயிரை வைத்திருக்கிறவளைப் பார்த்ததே இல்லை என்று தெருவே பேசிக்கொண்டது.

ஆடி மாதம் பழைய ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்தது. குரல் திக்கித் திக்கி வந்தது. பயந்துபோய் இந்தக் கடைக்குத்தான் வந்தாள். அத்தாவுல்லா அதற்குப் பதிலாக விலை குறைந்த எஸ்.எஸ்.டி. டிரைவ் ஒன்றை எடுத்துக் காட்டியபோதே அவளுக்குச் சந்தேகம்தான். விலைக்குத் தகுந்த மாதிரிதானே பொருளும் இருக்கும் என்று கேட்டாள்.

“கம்ப்யூட்டர்ல இன்னா வேலை பண்ணுவீங்கக்கா?”

“வேலைலாம் இல்ல பாய். அவர் குரலைக் கேட்கணும். தினமும்.”

“அப்ப தினசரி உபயோகத்துக்கு இது போதும்க்கா. என் வூட்லயே இதான் ஓடிக்கினு கீது.”

எல்லாவற்றையும் புதியதில் ஏற்றிக் கொடுத்தார். குரல் தங்குதடையில்லாமல் வந்தது. பழைய டிஸ்க் அடுத்த வாரமே செத்தது.

இன்று காலை காபியோடு வந்து போட்டுப் பார்த்தால் குரலைக் காணோம். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. மாடி வீட்டு இன்ஜினீயர் யக்ஞநாராயணன் எட்டிப் பார்த்துவிட்டு, மலிவு டிரைவ் என்றால் இப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் முழுங்கிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தாவுல்லா டிரைவைச் சோதித்தார். திரையில் பச்சையாக ஏதேதோ வந்தது. ஜெயக்கொடிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் இன்னொரு முறை சோதித்தார். மறுபடியும் பச்சை.

“வூட்ல யாரு யாரு கீறீங்கக்கா?”

“நானும் அவரும்தான். ஏன் பாய்?”

“சும்மா கேட்டேன்.” திரையை அணைத்துவிட்டார்.

“எப்படியாவது எடுத்துடுங்க பாய். கொடின்னு கூப்பிடுவாரே, அது மட்டும் கிடைச்சாக்கூடப் போதும்.”

“பழைய டிஸ்க்கா இருந்தா தோண்டி எடுத்துடலாம். இதுல போனா போனதுதான்க்கா.”

“அப்ப டிரைவ்தானே கோளாறு?”

அத்தாவுல்லா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஆமாக்கா. என் தப்புதான்.”

அது போதாதா? நாலு பேர் நிற்கிற கடையில் அவரை நார் நாராகக் கிழித்துவிட்டாள். ஏமாற்றுக்காரன் என்றாள், நாசமாய்ப் போவாய் என்றாள். லேப்டாப் வாங்க வந்த ஒருவர் நைசாக நழுவினார். நல்ல டிரைவாக மாற்றித் தருகிறேன் என்ற அத்தாவுல்லாவிடம், உங்கள் கடைத் துரும்புகூட வேண்டாம் என்று சி.பி.யூவைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் அரிகிருஷ்ணன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். பாய் திருடன் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றதையும் சொன்னாள். பிறகு சி.பி.யூவைத் தரையில் வைத்து, அதன் மேலேயே சாய்ந்து கதறினாள்.

“இனிமே எனக்குன்னு யார் இருக்கா?”

அவர் கருவியை எடுத்துக் கழுத்தில் வைத்தார். போட்டுக் கேட்க வேறு எதுவும் இல்லாததால், ஜெயக்கொடி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“பாயை ஏன் திட்டின? டிரைவ் நல்லாத்தான் இருக்கு. நான்தான் அழிச்சேன்.”

டிரிம்மர் சத்தம் மறுபடி வந்தது.

“கம்ப்யூட்டர்ல இருக்கிறவன் பேசினா உட்கார்ந்து கேட்கிற, கொடி. நான் பேசினா எழுந்து போயிடுற.”