மூலையில் மாட்டிய கடற்கரை

"நெஜமாவா சொல்ற பிரியா? வாசல் எடத்த எனக்கே குடுக்கறியா?"

ஜீவனால் நம்பவே முடியவில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் வாசலுக்கு நேர் எதிரே இருந்த சுவர்தான் கண்காட்சியிலேயே ராஜா இடம். மேலே பளிச்சென்று விளக்குகள். உள்ளே நுழைகிற எவர் கண்ணிலும் முதலில் அதுதான் படும். சீட்டுக் குலுக்கலில் அது விஷ்ணுப்ரியாவுக்கு விழுந்தபோது அவனுக்கு வயிறு எரிந்தது. இப்போது அவளே வந்து, எடுத்துக்கோ என்கிறாள்.

"சும்மா இல்ல. உன் எடத்த எனக்குக் குடு."

"என் எடமா? அது கடைசி மூலை லா! பக்கத்துல ஸ்டோர் ரூம். யாரு அங்க வருவா?"

"வருவாங்க."

"உனக்குப் பைத்தியம்தான் புடிச்சிருக்கு," என்றான் ஜீவன். சொன்னானே தவிர, அவள் மனம் மாறுவதற்குள் ஆணி அடித்துவிட வேண்டுமென்று படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

இருவரும் சுபாங் ஜெயா கல்லூரி ஒன்றில் ஓவிய மாணவர்கள். கிள்ளானைத் தாண்டி தஞ்சோங் மெலூர் என்று ஒரு கடலோரச் சிற்றூர். அங்கே சுற்றுலாவுக்கு ஆள் வரவைக்க ஒரு விளம்பரப் படம் வேண்டுமென்று ஊர்ச் சங்கம் கேட்டிருந்தது. இந்தக் கண்காட்சியில் தேர்வாகும் படம் கோலாலம்பூர் முழுக்க பஸ்களில் ஓடும்.

மற்றவர்களுக்கு அது பெருமை. விஷ்ணுப்ரியாவுக்கோ அது வாழ்வா சாவா. "உன் படத்த யாருமே நின்னு பாக்க மாட்டேங்கறாங்க. இந்தத் தடவையும் அப்படின்னா, செமஸ்டர திரும்பப் படிக்க வேண்டியதுதான்," என்று விரிவுரையாளர் கெர்ட்ரூட் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு வாரக் கடைசியும் கேலரி கேலரியாக அலைந்தாள்.

ஜீவன் ஆணி அடித்துவிட்டு, வேடிக்கை பார்க்க மூலைக்கு வந்தான்.

"அவ்வளவு கேலரி சுத்துனியே, என்னதான் கத்துக்கிட்ட?"

"ஜனங்க எந்தப் படத்துக்கு முன்னால ரொம்ப நேரம் நிக்கறாங்கன்னு பாத்தேன்."

"எந்தப் படம்?"

"ஒரு தட்டுல ரெண்டு ரம்புத்தான் பழம். சுமாரான படம்தான். ஆனா எப்பப் போனாலும் அங்கதான் கூட்டம். ஏன்னே புரியல. கடைசில நானே போயி நின்னு பாத்தேன். புரிஞ்சிருச்சு."

"என்ன புரிஞ்சிச்சு?"

"மொதல்ல ஜெயிச்சுக்கறேன். அப்பறம் சொல்றேன்."

ஜீவன் அவள் படத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். கொடியில் படபடக்கும் கைலி, பறக்கப் பார்க்கும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர், மேலே ஒரு பட்டம். கடல் எங்கோ அடியில் ஒரு கோடு.

"கடல் பழுப்பா இருக்கு!"

"அங்க அப்படித்தான் லா இருக்கு. போயிப் பாத்துட்டுதான் வரைஞ்சேன்."

அவன் படத்தில் கடல் சொட்டு நீலம் கரைத்த மாதிரி இருந்தது. மற்ற எல்லார் படத்திலும் அதே நீலம்தான்.

மதியம் கூட்டம் வந்தது. தஞ்சோங் மெலூர் சங்கத் தலைவர் சுகுமாறன், கோட்டும் டையுமாக வந்து, விளக்கு வெளிச்சத்தில் ஜீவனின் படத்தைப் பார்த்தார். "நல்லாருக்கு தம்பி," என்று கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி நகர்ந்தார். அடுத்த படத்துக்கும் அதே வார்த்தை, அதே வேகம்.

மூலைக்கு வந்தார். நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார். பின்னால் வந்த ஓர் ஆன்டியும் நின்றார். அவரைத் தேடி வந்த கணவரும் நின்றார். கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் காலியாகி, மண்டபமே மூலையில் குவிந்துவிட்டது. என்ன நடக்கிறதென்று பார்க்க வந்த கெர்ட்ரூட்டும் போகவில்லை.

"மிஸ், இந்தப் படத்துல என்னமோ இருக்கு," என்றார் சுகுமாறன். "நிக்க நிக்க எங்க ஊரு கரையிலேயே நிக்கற மாதிரி இருக்கு."

"எனக்கும்தான்! வீட்டுக்குப் போகவே மனசு வரல," என்றார் ஆன்டி.

சுகுமாறன் விஷ்ணுப்ரியாவிடம் திரும்பினார். "எல்லாரும் இல்லாத நீலத்த வரைஞ்சிருக்காங்கம்மா. எங்க கடல் சேறுதான். ஆனா எங்க ஊரு காத்து இருக்கே, அது வேற எங்கயும் கெடைக்காது. அத வரைஞ்சது நீ ஒருத்திதான். இந்தப் படத்தத்தான் எடுத்துக்கறோம்."

கைதட்டலில் அவளுக்குக் காது அடைத்தது. கெர்ட்ரூட் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "உன் படத்த விட்டு ஒருத்தரையும் நகத்த முடியல பாரு," என்றார். விஷ்ணுப்ரியா சிரித்தாள், அழுதாள், அப்புறம் இரண்டையும் ஒன்றாகவே செய்தாள். அத்தனை சந்தோஷம்.

கூட்டம் கலைந்ததும் ஜீவன் வந்தான். வாசல் விளக்குக்கடியில் நின்று நின்று சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ஜெயிச்சிட்டல்ல. இப்பவாச்சும் சொல்லு. அந்த ரம்புத்தான் படத்துல என்னதான் ரகசியம்?"

"சொல்றேன். இங்க வந்து நில்லு. இப்ப எப்படி இருக்கு?"

அவன் நின்றான். முகத்தில் இருந்த கடுகடுப்பு மெல்ல இறங்கியது. "அடிப்பாவி, நெஜமாவே சொகமா இருக்கு! எப்படி பிரியா இப்படி வரைஞ்ச?"

"மேல பாரு."

பார்த்தான். அந்த மண்டபத்தில் உருப்படியாக ஓடுகிற ஒரே ஏர்கோன், நேராக அவன் உச்சந்தலையில் புஸ்ஸென்று குளிர்காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

"அந்த ரம்புத்தான் படத்துக்கு மேலயும் இதே கதைதான் லா," என்றாள் விஷ்ணுப்ரியா. "நான் விக்கறது கடல் காத்து. சாம்பிள் குடுக்காம எப்படி?"