ஏழா, எட்டா?

“அளவுகோல் மறுபடியும் எழுதியிருக்கார்டி!” பக்கத்து சீட்டுக்காரி சிரித்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசிவரை உயிரோடு தாக்குப்பிடிக்க வேண்டிய வீடியோ கேம் ஒன்றை விற்கும் அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவில், இரண்டு மாதமாக அவளுக்கு வாய்த்த தலைவலி, ‘அளவுகோல்’ என்ற புனைபெயரில் எழுதும் அந்த ஆசாமி.

‘மேப் எட்டு கிலோமீட்டர் அகலம் என்கிறீர்கள். நடந்தே அளந்துவிட்டேன். இரண்டு ஓரத்திலும் அரை அரை கிலோமீட்டர் விஷப்புகை. மிச்சம் ஏழுதானே?’

வழக்கம்போலப் பொறுமையாக நாலு பாரா தட்டினாள். புகை தொடங்கும் இடத்தைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்கு வெளியே இருப்பதும் மேப்தான். முகமூடி போட்டுக்கொண்டால் பத்து நிமிடம் அங்கே நடமாடலாம். ‘வேறு ஏதேனும் உதவி தேவையா?’ என்று முடித்து, கீழே தன் பெயரையும் போட்டு அனுப்பினாள்.

மூன்றே நிமிடத்தில் பதில் வந்தது. ‘முகமூடி எங்கே கிடைக்கும்?’

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “இந்த ஆளோட மாரடிச்சது போதும்மா. போன் போட்டுப் பேசி முடிச்சு விடு.”

பதிவிலிருந்த நம்பரைப் பார்த்து அழுத்த ஆரம்பித்தாள். பாதியிலேயே விரல் நின்றது. மீதி எண்கள் அவளுக்கு மனப்பாடம்.

ஆபீஸ் போனை வைத்துவிட்டுத் தன் செல்போனை எடுத்தாள்.

“ஏங்க... அது நீங்களா?”

மறுமுனையில் “நான்தான்” என்று ஒப்புக்கொண்ட கணவன் தொடர்ந்தான்.

“வீட்ல என்ன கேட்டாலும் ‘ம்’னு ஒத்தை எழுத்துதான் வருது. இங்க கேட்டா நாலு பாரா எழுதறே. வேற ஏதாவது உதவி வேணுமான்னு வேற கேக்கறே.”