அசல் பெயர்கள்

மறுபடியும் ஷ்யாம்சுந்தர் முன்னூறு வயதில் ஒரு வாக்காளரைச் சேர்த்து வைத்திருந்தான்.

பெயர்: டெஸ்ட். அப்பா பெயர்: டெஸ்ட். தொகுதி: தாம்பரம். எங்கள் வெப்சைட்டும் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல், ‘உங்கள் பதிவு ஏற்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் காட்டியது.

வயதைச் சரிபார்க்கும் வேலையை அவனிடம் கொடுத்து ஒரு வாரமாகிறது. கேட்டால், அதெல்லாம் கடைசியில் பார்த்துக்கலாம் என்கிறான். நாளைக்கு ரிவ்யூ. இதற்கு மேல் என்ன கடைசி?

ஊரெல்லாம் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் முகாம் நடக்கிறதே, அதைப் பார்த்துத்தான் காலேஜில் சார் எங்களுக்கு இந்த புராஜெக்டைக் கொடுத்தார். ஆன்லைனில் பெயர் சேர்க்கிற மாதிரி ஒரு வெப்சைட் செய்து காட்ட வேண்டும். சும்மா பழகுவதற்கு, அவ்வளவுதான். அந்த முகாமே இன்று சாயங்காலத்தோடு முடிகிறது. நாங்கள் மூன்று பேரும் இன்னும் கிழக்குத் தாம்பரத்தில் ஷ்யாம் வீட்டு ஹாலில் உட்கார்ந்து டெஸ்ட்டுகளை அழித்துக்கொண்டிருக்கிறோம்.

போன ரிவ்யூவில் பட்ட அவமானமே போதும். சார் பட்டியலைத் திறந்தார். முதல் வாக்காளர் பெயர் ‘மச்சான்’. அடுத்தது ஷ்யாம் வீட்டு நாய். இன்னொரு தடவை குப்பையைக் காட்டினால் மூன்று பேரும் ஃபெயில் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கே கத்தினேன். ஒரு இடத்தில்கூட டெஸ்ட், டெமோ என்ற வார்த்தை இருக்கக் கூடாது. பார்த்தால் அசலாக இருக்க வேண்டும். பெயர், கதவு எண், போன் நம்பர் எல்லாம் மனுஷர்களுடையது மாதிரி இருக்க வேண்டும்.

நாற்பது பேர் விவரத்தை யோசித்துப் போடும் வேலையைச் சிட்டிபாபு தலையில் கட்டினேன். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வருகிறவன். எதைச் சொன்னாலும் ஆயிடும் ஓவியா என்பான். ஒன்றும் ஆகாது.

ஆனால் இன்று பட்டியலைத் திறந்தால் என்னாலேயே நம்ப முடியவில்லை. ஞானம்மாள். சவுரிமுத்து. செல்லம்மா. ஒவ்வொருவருக்கும் மாடி, வீட்டு எண், போன் நம்பர். போட்டோகூட ஏற்றியிருந்தது. வயதும் மனிதர்களுக்கு இருக்கிற வயதுதான்.

எல்லாருமே ஒரே பிளாக். அதுதான் எரிச்சல். முகவரியை மாற்றிப் போடக்கூட துரைக்குச் சோம்பல்.

போன் நம்பரெல்லாம் எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். பஜ்ஜியை மென்றுகொண்டே சிரித்தான். வாய்க்கு வந்ததை அடித்திருப்பான். அது யாரோ ஒரு புண்ணியவானின் நம்பராக இருந்து, நாளைக்குச் சார் கூப்பிட்டுப் பார்த்தால் எங்கள் கதி என்ன?

முதல் நம்பருக்கே போன் போட்டேன். அவனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். வேண்டுமென்றே அதிகாரி குரலில், ஓட்டு வெப்சைட்டிலிருந்து பேசுகிறோம் என்றேன்.

“ஆமாம்மா, ஞானம்மாள்தான் பேசுறேன். நம்ம சிட்டிபாபு குரூப்புல லிங்க் போட்டான்ல, அதுல எங்க பிளாக்கே பேர் குடுத்துட்டோம். போன எலெக்ஷன்ல லிஸ்ட்ல பேர் இல்லன்னு எங்க எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டாங்கோ. இந்த வாட்டி அப்டி ஆவாதுல்ல?”

சிட்டிபாபு கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தான். சும்மா ரொப்பச் சொல்லித்தான் அனுப்பினேன் என்று முணுமுணுத்தான். அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அழுகையும் வந்தது.

முகாமுக்குப் போனீர்களா என்று மட்டும் கேட்டேன்.

“அதுக்கு எதுக்கும்மா இன்னொரு தபா? கெளம்பினவங்களக்கூட நான்தான் நிறுத்திட்டேன், நம்ம பேரெல்லாம் ஏறிடுச்சின்னு. தோ, எதுக்கால ஸ்கூல்ல முகாம் டேபிளெல்லாம் தூக்கி உள்ள போட்டுகினு கீறாங்கோ.”

பிறகு, கார்டு தபாலில் வருமா, இல்லை எங்காவது வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார்.