ரூமுக்கு நாலு பேர்

"உன் கோடிங்கை எடுத்துருவோம். பழசே ஓடட்டும்."

பாண்டிமுருகன் சார் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னதுதான் வேல்விழிக்குச் சுருக்கென்றது. அவர் பத்து வருசமாக டீமுக்குத் தலைவர். இவள் சேர்ந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. வயிற்றெரிச்சல், வேறென்னவாம்!

விருதுநகரில் அவர்கள் ஆபீஸ். பட்டாசுக் கம்பெனிகளில் ரூமுக்கு ரூம் சூடு பார்க்கிற பெட்டி மாட்டுவார்கள். சூடு ஏறினால் பெட்டி தகவல் அனுப்பும், மணி அடிக்கும், ஆட்கள் வெளியே ஓடித் தப்பிக்கலாம். பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற புரோகிராம் லினக்ஸ் கெர்னல். வேல்விழி அதிலேயே கைவைத்து, தகவல் போகிற வழியை மாற்றி எழுதிவிட்டாள். தனித்தனியாகப் போன தகவல்கள் கட்டுக்கட்டாகப் போயின. நாலு செகண்டில் அடித்த மணி அரை செகண்டில் அடித்தது. போன வாரம் தாயில்பட்டியில் ஒரு கம்பெனிக்கு அதை ஏற்றியபோது ஆபீஸே கைதட்டியது.

இன்று சாயங்காலம் டெஸ்டில் குட்டு வெளிப்பட்டது. எப்போதாவது ஒரு தகவல், கட்டு நிறையட்டும் என்று உள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. மணி அடிப்பதே இல்லை.

"பத்தாயிரத்துல ஒண்ணு சார்! ரெண்டே நாள் குடுங்க, சரி பண்ணிருவேன்."

"அந்த ரெண்டு நாள்?"

"ரெண்டு நாள்ல என்ன ஆயிரப்போகுது? பழசுக்குப் போனா நாலு செகண்டாகுமே, அது மட்டும் நல்லதா?"

"லேட்டானாலும் அது அடிச்சிரும்மா."

"ரெக்கார்டுல வாபஸ்னு போட்டா, அது என் பேரோட காலத்துக்கும் நிக்கும் சார். என்னையக் கவுக்கணும்னே பேசுறீக."

வாயைவிட்டு வந்தே விட்டது. சாருக்கு முகம் சுருங்கிப்போனது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"சரி. எழுதுனவ நீ. வைக்கிறதா எடுக்கிறதான்னு நீயே முடிவு பண்ணு. காலையில எட்டு மணிக்குக் கம்பெனி தொறந்துரும்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஜெயித்தாயிற்று. ஆனாலும் வேல்விழியால் சீட்டில் உட்கார முடியவில்லை. வராண்டாவுக்கு வந்து அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். முருகம்மாள் அப்போதுதான் கம்பெனி வண்டியை விட்டு இறங்கியிருந்தாள். அவள் வேலை பார்ப்பது அதே தாயில்பட்டி கம்பெனி, அதிலும் பட்டாசுக்குள் மருந்து அடைக்கிற ரூம்.

"எம்மா, நாளைக்கும் மறுநாளும் வேலைக்குப் போகாத."

"ஏன்டி? சீசன் நேரத்துல லீவு கேட்டா ஃபோர்மேன் சும்மா விடுவாரா?"

"சொன்னாக் கேளு. அந்தச் சூடு பாக்குற பெட்டி சரியில்ல. தீப்பிடிச்சாலும் மணி அடிக்காமப் போனாலும் போயிரும்."

"ஆத்தாடி! நல்லவேள சொன்ன தாயி." முருகம்மாள் மூச்சுவிட்டாள். "அப்ப முத்துமாரி, கற்பகவல்லி, முத்துப்பேச்சி மூணு பேரையும் வர வேணாம்னு சொல்லிரவா? ரூமுக்கு நாலு பேருல்ல நாங்க."

வேல்விழி திரும்பித் தன் சீட்டைப் பார்த்தாள்.

"ஏட்டி, பக்கத்து ரூம்காரிகளுக்கும் சொல்லணும்ல?"

"இரும்மா, வச்சிராத."

ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சீட்டுக்கு ஓடினாள். தான் எழுதியதைத் தானே எடுத்தாள். காரணம் கேட்ட இடத்தில், 'தப்பு என்னுடையது, வேல்விழி' என்று அடித்தாள். பழசு தாயில்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. சோதனைக்கு ஒரு தகவல் அனுப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அங்கே மணி அடித்ததாகத் திரையில் விழுந்தது. இன்னும் இருபது தடவை அனுப்பினாள். இருபது தடவையும் அடித்தது.

தலை நிமிர்ந்தால், கதவோரம் சார் நின்றுகொண்டிருந்தார். அவரை நேருக்கு நேராகப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"எம்மா," என்றாள் ஃபோனில். "லீவெல்லாம் வேணாம். நாளைக்கு நாலு பேரும் போங்க."